சைலன்சரை மாற்றலாம், சத்தத்தைக் கூட்டாமல்

சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில் ஒரு கடை. சுவர் முழுக்க சைலன்சர்கள் தொங்குகின்றன: ஷார்ட் பாட்டில், டால்பின், மெகாபோன், கோல்ட் ஸ்டார். ஒன்றைக் கையில் எடுத்து விரலால் தட்டிக் காட்டி, "இதைப் போட்டா ரெண்டு தெரு தாண்டிக் கேக்கும் சார்" என்றார் கடைக்காரர். "ரெண்டு தெரு தாண்டிக் கேக்க வேண்டாம் அண்ணே. வண்டி இன்னும் கொஞ்சம் இலகுவா இழுக்கணும், குரல் கொஞ்சம் கனமா இருக்கணும். சத்தம் இப்ப இருக்கிற அளவே போதும்" என்றேன். எடுத்ததைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு, "அப்படிக் கேட்டு யாரும் வர்றதில்லையே சார்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. எதை எடுத்துக் காட்டுவதென்று அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

நான் கேட்டது நடக்கக்கூடிய காரியம்தான். நடக்காமல் போவதற்குக் காரணம், சத்தமும் சக்தியும் ஒன்று என்று நம்மில் பலர் நம்பிக்கொண்டிருப்பது. குழாய்க்குள் நடப்பதைக் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் அந்த நம்பிக்கை கழன்றுவிடும்.

ராயல் என்ஃபீல்டு புல்லட்டிலிருந்தே தொடங்குகிறேன். 1955-லிருந்து சென்னைத் திருவொற்றியூரோடு பிணைந்த வண்டி அது. பழைய 350 எஞ்சினின் சிலிண்டர் குறுக்களவு 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. நீண்ட ஸ்ட்ரோக், கனமான ஃப்ளைவீல். அதனால் மிக மெதுவான ஐடிலிலும் அணையாமல் ஓடும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். நிமிடத்துக்கு 1,000 சுற்று என்றால் விநாடிக்கு எட்டு வெடிப்பு சொச்சம். மனிதக் காது விநாடிக்குச் சுமார் இருபது வெடிப்பு வரைக்கும் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கும். அதற்கு மேல் போனால் எல்லாம் ஒட்டி ஒரே ஸ்வரமாகிவிடும். புல்லட் ஐடிலில் நாம் கேட்டு மயங்கும் 'டப்... டப்...' எல்லாம் இந்தக் கணக்குதான். 2,400 சுற்றைத் தொட்டதும் வெடிப்பு விநாடிக்கு இருபதாகி, தாளம் கரைந்து உறுமலாகிறது. ஆக, அந்தத் தாளம் எஞ்சினின் மெதுவான நடையில் பிறக்கிறது. சைலன்சருக்குள் இருக்கும் தடுப்புகளைப் பிடுங்கி எறிந்தால் தாளம் கூடாது, காதடைப்புதான் கூடும்.

இனி குழாய்க்குள். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் நொடியில் சிலிண்டருக்குள் இன்னும் நல்ல அழுத்தம் மிச்சமிருக்கும். அது எஞ்சினையும் சைலன்சரையும் இணைக்கும் வளைந்த குழாயான பெண்ட் பைப்புக்குள் ஒரு அழுத்த அலையாகப் பாயும். புகை நகரும் வேகம் வேறு, இந்த அலையின் வேகம் வேறு. சூடான புகைக்குள் ஒலி விநாடிக்கு 500 மீட்டருக்கு மேல் ஓடும். வெளிக்காற்றில் அதற்குச் சுமார் 340 மீட்டர்தான். அலை குழாய் விரியும் இடத்தையோ முனையையோ தொட்டதும் தலைகீழாகத் திரும்பும்: போனது அழுத்தம், வருவது உறிஞ்சல். அந்த உறிஞ்சல், இரண்டு வால்வுகளும் ஒருசேரச் சற்றே திறந்திருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் சிலிண்டரை வந்தடைந்தால், பழைய புகையை இழுத்துவிட்டுப் புதுக் கலவைக்கு வழி செய்யும். தப்பான நேரத்தில் அழுத்தமாக வந்தால், கழிவையே திரும்ப உள்ளே தள்ளும்.

எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும்போது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் விநாடியில் நூறில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் அலை ஐந்து மீட்டர் ஓடிவிடும். 3,000-ல் அதுவே பத்து மீட்டர். குழாயின் நீளமோ மாறாதது. அதனால் எந்த நீளமும் எல்லா வேகத்துக்கும் பொருந்தாது; ஏதோ ஒரு வேகத்தில் கைகொடுக்கும், வேறொன்றில் காலை வாரும். கம்பெனிக்காரர்கள் நாம் தினமும் ஓட்டும் நடு வேகத்தைப் பார்த்து நீளத்தை வைக்கிறார்கள். அதை வெட்டிக் குட்டைக் குழாய் போட்டால் அந்த உதவி மேல் வேகத்துக்கு நகர்ந்துவிடும். கீழே, அண்ணா சாலை டிராஃபிக்கில் மூன்றாம் கியரில் உருளும்போது, வண்டி சோர்ந்து போகும். ஒர்க்‌ஷாப்பில் இதற்கு "பேக் பிரஷர் போயிடுச்சு" என்பார்கள். வெளியேறும் புகைக்குக் குழாய் கொடுக்கும் எதிர்த் தடைதான் பேக் பிரஷர். போனது அது இல்லை. அது எந்த எஞ்சினுக்கும் நன்மை செய்வதில்லை. அலை வந்து சேரும் நேரம்தான் தப்பிப்போனது. வார்த்தைப் பிழைதானே என்று விட முடியாது. பேக் பிரஷர் வேண்டும் என்று நம்புகிறவர் சைலன்சரின் வாயைச் சுருக்கிக்கொண்டிருப்பார், நீளத்தைப் பார்க்கவே மாட்டார்.

எவ்வளவு சக்தி கிடைக்கும் என்று நேர்மையாகப் பேசிவிடலாம். 350 சிசி வண்டியின் திறன் சுமார் 20 குதிரை. புது சைலன்சர் ஐந்து சதவீதம் கூட்டியது என்றே வைத்துக்கொண்டாலும் அது ஒரே ஒரு குதிரை. தோளில் பை மாட்டிய நண்பர் பின்னால் ஏறினால் அது காணாமல் போய்விடும். எடை குறைவது, துருப்பிடிக்காத நல்ல ஸ்டீல், பார்வைக்கு அழகு, கனிந்த குரல்: இவைதான் கையில் வந்து சேரும் லாபம். இவற்றில் எதற்கும் சத்தம் கூட வேண்டிய அவசியமே கிடையாது.

வெட்டித் திறந்த சைலன்சர் ஒன்றைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். புதுப்பேட்டையில் ஒரு கடை வாசலில், நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த கம்பெனி சைலன்சரைப் பார்த்தேன். வெளியே ஒரே உருளைதான். உள்ளேயோ ரயில் பெட்டி போல அறை அறையாகத் தடுப்புச் சுவர்கள். முதல் அறையிலிருந்து ஒரு சின்னக் குழாய் மூன்றாவது அறைக்குப் போகிறது. அங்கிருந்து இன்னொன்று நடு அறைக்குத் திரும்புகிறது. அதற்குப் பிறகுதான் வெளி வாய். சுவர்களில் புகைக்கரி மைபோல் படிந்திருக்க, குழாய் முனைகள் மட்டும் சாம்பல் நிறத்தில் வெளுத்திருந்தன. ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு அலைநீளத்தைப் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. திரும்பிய அலையும் புதிதாக வரும் அலையும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. சத்தம் அங்கேயே அமுங்குகிறது. கனமான ஓசையை அடக்குவதில் இந்த அறை முறையை மிஞ்ச ஆளில்லை.

வெளியே விற்கும் சைலன்சர்களில் பெரும்பாலானவை இன்னொரு சாதி: கிளாஸ் வூல் வகை. நடுவே ஓட்டை ஓட்டையாகத் துளைத்த நேர்க்குழாய். அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு. அதற்கு மேல் தகடு. புகை தடையில்லாமல் நேராகப் போகும், ஓசை துளைகள் வழியே பஞ்சுக்குள் நுழைந்து சூடாக மாறித் தேயும். கீச்சென்ற மேல் ஓசையை இந்தப் பஞ்சு அழகாகக் குடித்துவிடும். கனத்த கீழ் ஓசைதான் அதற்குப் பிடிபடாது. 100 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு நூறு அதிர்வுள்ள ஓசையின் அலைநீளம் சூடான புகைக்குள் ஐந்து மீட்டருக்கு மேல். இரண்டு அங்குலப் பஞ்சு அதை என்ன செய்துவிடும்?

இந்தச் சங்கதியை யாரும் சொல்லித் தருவதில்லை. ஒலியை அளக்கும் மீட்டர்கள் மனிதக் காதைப் பின்பற்றி, கீழ் ஓசைக்குக் குறைந்த மதிப்புப் போடுகின்றன. 'ஏ' எடையிடல் என்று அதற்குப் பெயர். 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபெல்லையும், 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபெல்லையும் கழித்துவிட்டுத்தான் மீட்டர் எண்ணைக் காட்டும். ஆகவே பஞ்சு சைலன்சர் போட்ட வண்டி மீட்டரில் நல்ல பிள்ளையாக நிற்கலாம். எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடியோ விடியற்காலை ஐந்து மணிக்குக் கிடுகிடுத்துக்கொண்டிருக்கும். சுவரும் கதவும் மேல் ஓசையைத் தடுக்கும், கீழ் ஓசையை உள்ளே விட்டுவிடும். படுக்கையில் இருக்கும் பாட்டியை எழுப்புவது இந்தக் கீழ் ஓசைதான். சத்தம் கூட்டாமல் சைலன்சர் மாற்றுகிறேன் என்கிறவர் மீட்டரை மட்டும் நம்பக் கூடாது என்பது இதனால்தான்.

அப்படியானால் எதைத் தேடுவது? அறையும் பஞ்சும் இரண்டும் உள்ளதை. பெண்ட் பைப்பிலிருந்து வருவது முதலில் ஒரு விரிவு அறைக்குள் போய், பிறகு பஞ்சுப் பகுதி வழியாக வெளியேறும் அமைப்பு. அடுத்தது கொள்ளளவு. கனத்த ஓசையை அடக்க இடம் வேண்டும். சின்னப் பெட்டிக்குள் பெரிய அமைதி கிடைக்காது. கையடக்கமாக அழகாக இருக்கிறதே என்று குட்டி சைலன்சரை எடுத்தால் அது கத்தத்தான் செய்யும். கம்பெனி சைலன்சரின் பருமனுக்குப் பக்கத்தில் இருப்பதை எடுங்கள். மூன்றாவது, தகட்டின் கனம். ஒற்றை மெல்லிய தகடு கோயில் மணி போலத் தானே அதிரும். கம்பெனிக்காரர்கள் இரட்டைத் தகடு போடுவது அதற்காகத்தான். விரலால் சுண்டிப் பாருங்கள். 'டிங்' என்று நீண்டு ஒலித்தால் வைத்துவிடுங்கள், 'டொக்' என்று செத்த ஒலி வந்தால் பேசலாம். சத்தத்தைக் குறைக்க வாய்க்குள் திருகியிருக்கும் சின்னச் செருகான டிபி கில்லரைக் கழற்றாமல் ஓட்டிப் பார்த்தே முடிவெடுங்கள். கழற்றினால்தான் நன்றாக இருக்கும் என்று சொல்லி விற்கப்படும் சைலன்சர், டிபி கில்லர் இல்லாமல் வடிவமைத்ததாகவே இருக்கும்.

பிஎஸ்6 என்ற புகை மாசு விதி 2020 ஏப்ரல் 1-ல் வந்த பிறகு இன்னொரு பொறுப்பும் சேர்ந்திருக்கிறது. வண்டியில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இருக்கிறது; ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது; அந்த சென்சாரைப் பார்த்து ஈசியூ என்ற எஞ்சின் கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. கன்வர்ட்டர் சில வண்டிகளில் பெண்ட் பைப்பில், சிலவற்றில் வயிற்றுக்கு அடியிலுள்ள பெட்டியில், சிலவற்றில் சைலன்சரோடு ஒன்றாகவே வெல்ட் அடித்து இருக்கும். உங்கள் வண்டியில் எங்கே என்று முதலில் பாருங்கள். சைலன்சரை மட்டும் மாற்றும் ஸ்லிப்-ஆன் வகையில் கன்வர்ட்டரும் சென்சாரும் இருந்த இடத்திலேயே இருந்தால், ஈசியூ சமாளித்துக்கொள்ளும். முழு சிஸ்டத்தையும் மாற்றிக் கன்வர்ட்டரைத் தூக்கினால் புகையும் நச்சாகும், சத்தமும் ஏறும். கன்வர்ட்டருக்குள் தேன்கூடு போல இருக்கும் கல் சும்மா இருப்பதில்லை, ஓசையையும் ஓரளவு அமுக்குகிறது.

த்ராட்டிலை மூடும்போது பின்னால் பட்பட்டென்று வெடிக்கும் சத்தம் பலருக்கு வீரமாகத் தெரிகிறது. எரியாமல் வந்த பெட்ரோல், குழாய்க்குள் காற்றுக் கிடைத்ததும் அங்கே எரிவதுதான் அது. புது சைலன்சர் போட்டதும் அது தொடங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேஸ்கெட்டை. சிலிண்டர் ஹெட்டில் பெண்ட் பைப் சேரும் இடத்திலுள்ள அந்த வளையம் ஒருமுறை நசுங்கிய பிறகு மறுபடி சரியாக அடைக்காது. பழையதையே வைத்துத் திருகினால் நூலளவு இடைவெளி வழியே காற்று புகும். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புது வளையம் போடுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது சோப்பு நீரைத் தடவி ஸ்டார்ட் செய்தால் கசிவு குமிழி விட்டுக் காட்டிக்கொடுக்கும்.

சிலருக்குப் புது சைலன்சரே தேவைப்படாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக வெளியேறுகிறது. பால் வாங்க, பிள்ளையைப் பள்ளியில் விட என்று தினமும் இரண்டு கி.மீ. மட்டும் ஓடும் வண்டியில் சைலன்சர் சூடாவதற்குள் எஞ்சின் நின்றுவிடும். அந்த நீராவி உள்ளேயே தண்ணீராகத் தங்கிவிடும். சைலன்சரின் அடியில் அதற்காகவே ஒரு சிறு துளை இருக்கும். அது சேற்றில் அடைபட்டால் தகடு உள்ளிருந்தே துருப்பிடித்து, தடுப்புச் சுவர்கள் பொத்தல் விழுந்து, வண்டி கரகரவென்று கத்தத் தொடங்கும். கடற்கரைப் பக்கம் வசிப்பவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். துளையை ஒரு கம்பியால் குத்திவிட்டு, வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நன்றாக ஓட்டினாலே போதும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் தயாரிப்பு நிலையிலேயே இருசக்கர வண்டிகளுக்கு ஒலி வரம்பு உண்டு: 80 சிசி வரை 75 டெசிபெல், 80 முதல் 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80. வண்டி வேகமெடுத்துக் கடக்கும்போது 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளப்பது இது. அதனால் சைலன்சர் வாய்க்குப் பக்கத்தில் கைப்பேசியை நீட்டி 95 காட்டுகிறதே என்று பதற வேண்டாம். தூரம் இரட்டித்தால் ஆறு டெசிபெல் குறையும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒலி விதியை மீறினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும், கூடவே மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் தகுதியிழப்பு என்கிறது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் என்பது 182ஏ பிரிவு. பல ஊர்களில் பறிமுதல் செய்த சைலன்சர்களைச் சாலையில் வரிசையாக அடுக்கி, போலீஸார் ரோடு ரோலர் ஏற்றியதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். கடைக்காரரின் "ஒண்ணும் ஆகாது சார்" அந்த இடத்தில் உதவிக்கு வராது. எனவே கம்பெனியே ஒப்புதல் வாங்கி உதிரியாக விற்கும் சைலன்சர் உங்கள் வண்டிக்கு இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். ராயல் என்ஃபீல்டின் பிஎஸ்6 கிளாசிக் 350-க்கு 2020-ல் அப்படிப் பல வடிவங்களில் வந்தன, வாரண்டிக்கும் பாதகமில்லை. ஐரோப்பாவில் கெடுபிடி இன்னும் அதிகம். ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் 2020 கோடையில், நின்ற நிலையில் 95 டெசிபெல்லைத் தாண்டும் மோட்டார் சைக்கிள்களைச் சில மலைச் சாலைகளில் விடவே இல்லை.

சத்தமாக இருந்தால்தான் லாரிக்காரருக்கு நாம் வருவது தெரியும் என்று ஒரு வாதம் உண்டு. உயிர் பயத்தில் பிறந்த வாதம் என்பதால் அதை மதித்தே பதில் சொல்கிறேன். சைலன்சர் வாய் பின்னால் பார்த்திருக்கிறது. சத்தமும் பெரும்பங்கு பின்னாலேயே போகிறது. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையில், லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-ல் வந்த அறிக்கை, முக்கால்வாசிக்கு மேற்பட்ட ஆபத்துகள் ஓட்டுபவரின் நேர் முன்னால், இருபுறமும் 45 டிகிரிக்குள் இருந்தே வந்தன என்று கண்டது. கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டு, பாட்டும் ஓடும் காருக்குள் உங்கள் சத்தம் கேட்கும்போது நீங்கள் அதன் பக்கத்தில் வந்துவிட்டிருப்பீர்கள். முன்விளக்கும் ஹாரனும் செய்யும் வேலையைச் சைலன்சரிடம் கொடுக்காதீர்கள்.

மாற்றிய பிறகு சத்தம் கூடியதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஓட்டுகிறவருக்குத் தெரியாது; வேகம் எடுத்தால் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல்தான் மிஞ்சும். நின்ற நிலையில் அளக்க உலகளவில் ஒரு முறை உண்டு: சைலன்சர் வாயிலிருந்து அரை மீட்டர் தூரத்தில், 45 டிகிரி சாய்வில் மைக், உச்ச திறன் வரும் சுற்று 5,000-க்கு மேல் என்றால் அதில் பாதிச் சுற்றில் எஞ்சின். ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650-க்கு அது ஏறக்குறைய 3,600. எஞ்சின் சுற்றைக் காட்டும் டேகோமீட்டர் இல்லாத கிளாசிக்கில் இதைச் சரியாகப் பிடிப்பது கடினம். நான் கண்ட எளிய வழி, கடந்து போவது. ஒரே கியர், ஒரே வேகம் என்றால் எஞ்சின் சுற்றும் ஒன்றுதான். மூன்றாம் கியரில் 40 கி.மீ. வேகத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில், எட்டடி எடுத்து வைத்த தூரத்தில் நிற்கும் நண்பரைக் கடந்து போங்கள். பழைய சைலன்சரோடு மூன்று தடவை, புதியதோடு மூன்று தடவை, அதே கைப்பேசியில் பதிவு. எண் என்ன என்பதை விட வித்தியாசம் என்ன என்பதுதான் முக்கியம். மூன்று டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. பத்து கூடினால் காதுக்கு இரண்டு மடங்காகவே கேட்கும். ஒன்றிரண்டுக்குள் இருந்தால் எதிர்வீட்டுக்காரர் கவனிக்க மாட்டார்.

பஞ்சு வகை என்றால் இந்தச் சோதனையை வருடா வருடம் செய்ய வேண்டியிருக்கும். என் நண்பனின் பழைய புல்லட்டில் வாங்கிய புதிதில் பூனைபோல் இருந்த சைலன்சர் இரண்டு மழைக்காலத்தில் அலறத் தொடங்கியது. ரிவெட்டுகளை டிரில் செய்து மூடியைக் கழற்றினோம். பஞ்சில் பாதியைக் காணவில்லை. சூட்டில் நொறுங்கித் துளைகள் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றோடு போயிருந்தது. மிச்சம் கறுத்து, ஈரத்தில் கட்டியாகி, குழாயின் அடிப்பக்கம் ஒட்டிக் கிடந்தது. கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு சுரண்டி எடுத்தோம். அந்த இழை தோலில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும். துளைக் குழாயைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, புதுப் பஞ்சைப் பாய்போல் சுற்றி, நூலால் கட்டி, இடைவெளி இல்லாமலும் இறுக்கித் திணிக்காமலும் உள்ளே தள்ளி மூடினோம். திணித்துவிட்டால் ஓசை நுழைய இடமில்லாமல் பஞ்சு பலகையாகிவிடும்.

என் கிளாசிக்குக்குக் கடைசியில் ஷோரூமிலேயே விற்ற மாற்று சைலன்சரைத்தான் வாங்கினேன். தாம்பரத்தைத் தாண்டி ஒரு வெறிச்சோடிய லேஅவுட் சாலையில் ஞாயிறு காலை அந்த ஆறு சுற்றையும் ஓட்டினோம். ஓரமாக நின்ற நண்பனிடம் எது எந்தச் சைலன்சர் என்று சொல்லாமல் கேட்டேன். "சத்தம் ஒண்ணுதான் மச்சி. ஆனா பின்னாடி ஓட்டின மூணும் கொஞ்சம் தொண்டை கட்டின மாதிரி, கனமா இருந்துச்சு" என்றான். பின்னால் ஓட்டிய மூன்றும் புதியது.